இரத்தம் எடுத்து முகத்தில் ஏற்றும் பி.ஆர்.பி. ஃபேஷியல்: 47 வயதில் செய்துகொள்ளலாமா?

செம்பூர்க்காரி

வணக்கம். மும்பையில் செம்பூர் சேடா நகரில் வீடு, ஃபோர்ட்டில் வங்கி வேலை. 22 ஆண்டுகளாக ஹார்பர் லைன் ரயிலில் போய்வருகிறேன். எனக்கு இரண்டு கன்னங்களிலும் மங்கு இருக்கிறது. ஆனால் இடது கன்னத்தில் இரண்டு மடங்கு. ஏன் என்று நெடுநாள் புரியவில்லை. ஒரு நாள் ரயிலிலேயே புரிந்தது. காலையில் தெற்கே போகிறேன், கிழக்கு வெயில் இடப்பக்கம். மாலையில் வடக்கே திரும்புகிறேன், மேற்கு வெயிலும் இடப்பக்கம். ஜன்னல் இருக்கைக்காக அடித்துப்பிடித்து ஏறியதற்குக் கிடைத்த கூலி இது.

மங்கு போதாதென்று வாயோரத்தில் இரண்டு கோடுகள் வேறு விழுந்துவிட்டன. சிரிக்கும்போது வந்தவை, சிரித்து முடித்த பிறகும் போவதில்லை.

முலுண்டில் இருக்கும் என் ஓரகத்தி (கொழுந்தனாரின் மனைவி, என்னைவிட ஆறு வயது இளையவள்) சென்ற மாதம் அங்குள்ள ஓர் அழகு நிலையத்தில் பி.ஆர்.பி. ஃபேஷியல் செய்துகொண்டாள். கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரை முகத்தில் தடவி, அதன்மேல் ஊசி உருளையை ஓட்டுவார்களாம். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் கண்ணாடி மாற்றியே மூன்று வருடம் ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தோல் மருத்துவரிடம் விசாரித்தேன். ஒரு முறைக்கு 9,000 ரூபாய், மூன்று முறை வர வேண்டும் என்றார்கள். அழகு நிலையத்தில் மூன்று முறைக்கும் சேர்த்தே 12,000. இருவராகச் சேர்ந்தால் ஆளுக்கு 10,000. எப்படி இவ்வளவு குறைவு என்று ஓரகத்தியிடம் கேட்டேன். ஒரே தடவை இரத்தம் எடுத்து, மூன்று முறைக்கும் அவர்களே ஃப்ரிட்ஜில் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். அதனால் செலவும் மிச்சம், கையில் குத்துவதும் ஒரு முறைதான் என்று விளக்கினாள். என் பேச்சைக் கேட்காமல் என் பெயரில் 2,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டாள்.

என் கேள்விகள் மூன்று. மங்கு போகுமா? கோடு போகுமா? வலி எப்படி இருக்கும்? செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள். "இயற்கை அழகே போதும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். அதைச் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கிறார், தன் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டே சொல்கிறார்.

டோம்பிவிலி டீச்சர்

நான் 2023இல் மூன்று முறை செய்துகொண்டேன் அக்கா. மங்குக்காக இல்லை, கல்லூரிக் காலத்துப் பருக்கள் விட்டுப்போன குழிகளுக்காக. எம்.டி. படித்த தோல் மருத்துவரிடம் செய்தேன், நான்கு வார இடைவெளியில் மூன்று முறை. ஒரு முறைக்கு 8,500.

வலியைக் கேட்டீர்கள். முதலில் மரத்துப்போகும் களிம்பை முகமெல்லாம் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். சப்பாத்தி மாவை மூடி வைப்பது போல. அதற்குள் கையிலிருந்து 20 மில்லி இரத்தம் எடுத்து, என் கண்ணெதிரே இயந்திரத்தில் வைத்தார்கள். பிறகு பேனா போன்ற ஒரு கருவி. கன்னத்தில் எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது. நெற்றிக்கு வந்ததும் தெரிந்தது சங்கதி. சதை குறைந்த இடமல்லவா, எலும்பையே சுரண்டுவது போல இருந்தது. மேலுதட்டில் கண்ணீரே வந்துவிட்டது.

அன்று இரவு முகம் கழுவக் கூடாது. மறுநாள் முகம் சுட்ட கத்தரிக்காயாக இருந்தது. வேலைக்குப் போயே ஆக வேண்டிய நாள். துப்பட்டாவால் மூடிக்கொண்டு மகளிர் பெட்டியில் ஏறினேன். எதிரில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மராத்திப் பெண்மணி மெதுவாகக் குனிந்து "காய் ஜாலா?" (என்ன ஆச்சு?) என்று கேட்டார். அடுப்படியில் ஆவி அடித்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் பையிலிருந்து கற்றாழைத் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் முகம் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது, ஐந்தாம் நாள் சரியாகிவிட்டது. பலன்? ஆழமில்லாத குழிகள் கொஞ்சம் நிரம்பின. ஆழமானவை அப்படியே இருக்கின்றன. தோல் மென்மையானது உண்மை. ஊசி குத்தியதால் வந்த பலன் எவ்வளவு, இரத்தநீரால் வந்தது எவ்வளவு என்று என் மருத்துவரைக் கேட்டேன். "ஊசிக்குத் தனியாகவே பலன் உண்டு" என்று மட்டும் சொன்னார். என் கணவர் மூன்று முறையும் எதையும் கவனிக்கவில்லை. 25,500 ரூபாயைக் கவனித்தார்.

எளிமை விரும்பி

கடலை மாவு, பயத்தம் மாவு, கஸ்தூரி மஞ்சள். நம் பாட்டிமார்கள் எந்த ஊசி போட்டுக்கொண்டார்கள்?

செம்பூர்க்காரி

கஸ்தூரி மஞ்சளை என் மாமியார் அம்பாசமுத்திரத்திலிருந்து கிலோக்கணக்கில் அனுப்பினார் ஐயா. பூசினேன். மஞ்சள் நிற மங்கு கிடைத்தது.

டீச்சர், நன்றி. மேலுதட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

இரத்த வங்கி, ஓய்வு

அம்மா, நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. போகிறபோக்கில் ஒரு சொல் எழுதினீர்களே, ஃப்ரிட்ஜ் என்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை.

இந்த ஊரில் 31 ஆண்டுகள் இரத்த வங்கியில் டெக்னீஷியனாக வேலை பார்த்தவன் நான். மழைக்காலம் வந்தால் டெங்கு, டெங்கு வந்தால் தட்டணு (பிளேட்லெட்). நள்ளிரவில் நனைந்த குடையோடு வந்து நின்று "எத்தனை பை கிடைக்கும்" என்று கேட்பார்கள். அதே தட்டணுதான் உங்கள் பி.ஆர்.பி.யிலும் சரக்கு. நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும். அவற்றைச் சில மடங்கு திரட்டிய பிளாஸ்மாவுக்குப் பெயர்தான் பி.ஆர்.பி. தட்டணுவுக்குள் நுண்ணிய பைகள் உண்டு. காயம் பட்ட இடத்தில் அவை திறந்து வளர்ச்சிக் காரணிகளைக் கொட்டும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கும் செல்களுக்கு அது தாக்கல் சொல்லி அனுப்புவது போல. ஊசியால் வேண்டுமென்றே சின்னச் சின்னக் காயம் உண்டாக்குவது இதற்காகத்தான். புதுச் சரக்கும் இல்லை. தாடை எலும்பு அறுவைச் சிகிச்சைக்கு இதைப் பயன்படுத்தியதைப் பற்றி 1998லேயே எழுதியிருக்கிறார்கள்.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருகிறேன். இரத்த வங்கியில் சிவப்பணுவை ஃப்ரிட்ஜில் வைப்போம். பிளாஸ்மாவை உறைய வைப்போம். தட்டணுவை மட்டும் இரண்டிலும் வைக்க மாட்டோம். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இரவும் பகலும் ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் அது கிடக்கும். கைக்குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டுவோமே, அப்படி. குளிர்ந்தால் அதன் உருவமே மாறிவிடும். இத்தனை சீராட்டியும் அதற்கு ஆயுள் ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் எத்தனை பை மிஞ்சியிருந்தாலும் வயிற்றெரிச்சலோடு அழிப்போம். உங்கள் அழகு நிலையமோ மாதம் ஒரு முறை என்று மூன்று மாதத்துக்கு வைத்திருக்கப்போகிறது. சுண்ட வைத்த பழங்குழம்புக்காவது ருசி உண்டு. இரண்டாம் மாதம் உங்கள் முகத்தில் பூசுவதில் கிருமி வளர்ந்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். முகத்துக்குச் செய்வது என்றால் அன்றைக்கு எடுத்து, அன்றைக்கே சுழற்றி, அப்போதே ஏற்றி முடித்துவிட வேண்டும்.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஃப்ரிட்ஜில் எத்தனை பேருடைய குழாய்கள் இருக்கின்றன? அவற்றில் பெயர் ஒட்டியிருக்கிறதா? எங்கள் வேலையில் ஒரு பையைக் கொடுப்பதற்கு முன் பெயர், எண், பிரிவு என்று வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், ஒரு வருடத்தில் சிரிப்பு நின்றுவிடும். "உங்கள் இரத்தம் உங்களுக்கே, அதனால் ஆபத்தில்லை" என்றுதான் இதை விற்கிறார்கள். சரிதான். ஆனால் அந்த வாக்கியம் முழுவதும் அரை அங்குலக் காகிதச் சீட்டு ஒன்றின்மேல் நிற்கிறது.

பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு நிலையத்தில் இதே ஃபேஷியல் செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018இல் அதை மூடினார்கள். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தது வரிசையாக இருக்கிறது. சமையலறை மேடையில் சுழற்றும் இயந்திரம். பெயர் ஒட்டாத இரத்தக் குழாய்கள். சமையலறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டுப் பண்டங்களுக்குப் பக்கத்திலேயே இன்னும் சில குழாய்கள். படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஊசி உருளையையும் கேட்டுவிடுங்கள். அது ஒருவருக்கு ஒரு முறைதான். கிருமிநாசினியில் முக்கி எடுத்தேன், ஸ்பிரிட்டில் துடைத்தேன் என்பதெல்லாம் கதை. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். குத்திய ஊசி தடித்த வெள்ளைப் பெட்டிக்கும், இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கும் போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. உள்ளே நுழைந்ததும் மஞ்சள் பை எங்கே என்று தேடுங்கள். சமையலறைக் குப்பைத்தொட்டி மட்டும் இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடலாம்.

இன்னொரு சின்ன வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். "நாங்கள் 3,000 சுற்றில் சுழற்றுகிறோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். இயந்திரத்தின் கை எவ்வளவு நீளம் என்று தெரியாமல் சுற்றின் எண்ணிக்கையை வைத்து என்ன செய்வது? ராட்டினத்தில் நடுவில் நிற்பவனுக்கும் ஓரத்தில் தொங்குபவனுக்கும் ஒரே வேகமா? சரியாகப் பிரிந்தால் கீழே சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. அந்தப் படலத்தை ஒட்டிய அடிப்பகுதியில்தான் தட்டணு அதிகம், மேலே நிற்பது பெரும்பாலும் வெறும் பிளாஸ்மா. நீங்கள் எழுதியபடி "மேலே தெளிந்து நிற்கும் நீரை" எடுக்கிறார்கள் என்றால், ஃப்ரிட்ஜ் இல்லாமலேயே பாதிப் பணம் போச்சு.

தோல் மருத்துவ மாணவி

ஐயா எழுதியதற்கு மேல் இரத்தத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் இங்கே ஒரு அரசு மருத்துவமனையில் தோல் பிரிவில் மேற்படிப்பு படிக்கிறேன், ஊர் தென்காசி. அக்காவின் முதல் இரண்டு கேள்விகளுக்கு வருகிறேன்.

உங்கள் ஜன்னல் கணக்கு சரிதான் அக்கா. 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்க முதியவரின் படம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. ஜன்னல் பக்கத்து இடது கன்னம் மட்டும் சுருங்கி மடிந்து, வலது கன்னத்தின் அப்பா போல இருக்கும். எங்களுக்கு வகுப்பில் அதைக் காட்டாத ஆசிரியரே இல்லை.

மங்குக்கு பி.ஆர்.பி.யை முதல் மருந்தாக யாரும் எழுத மாட்டோம். நம்முடையது போன்ற மாநிறத் தோலில் ஊசிக் காயம் ஆறும்போது கறுப்பு இன்னும் கூடிவிடுவதும் உண்டு. முதல் மருந்து சன்ஸ்கிரீன். மங்குக்கு வெறும் வெள்ளைக் களிம்பைவிட, இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ளது நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும். காலையில் ஒரு முறை பூசிவிட்டு மாலை ரயிலுக்கு அதையே நம்பக் கூடாது. அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் திரும்பப் பூசுங்கள். காசு செலவில்லாத மருந்து ஒன்றும் உண்டு: மாலையில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்.

கோடுகளுக்கு ஓரளவு பலன் இருக்கலாம். அமெரிக்காவில் 27 பேரைச் சேர்த்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி., மறு கன்னத்தில் வெறும் உப்புநீர். ஆறு மாதம் கழித்து, எந்தக் கன்னத்தில் எது போட்டது என்று தெரியாத தோல் மருத்துவர்கள் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. செய்துகொண்டவர்களுக்கோ பி.ஆர்.பி. போட்ட கன்னம்தான் மேலாகத் தோன்றியது. உங்கள் ஓரகத்திக்குப் பளிச்சென்று தெரிந்து உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு உங்கள் மூக்குக் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம்.

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்: இப்போது முகத்துக்கு என்ன களிம்பு பூசுகிறீர்கள்? குழாயின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்லுங்கள். ஆஸ்பிரின் போன்ற, இரத்தம் உறையாமல் செய்யும் மாத்திரை ஏதாவது உண்டா? உதட்டில் அடிக்கடி அக்கி வருமா? மருத்துவர் என்றால் இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார். அழகு நிலையத்தில் யாராவது கேட்டார்களா?

செம்பூர்க்காரி

யாரும் கேட்கவில்லை. பிறந்த தேதி மட்டும் கேட்டார்கள், பிறந்தநாளுக்குத் தள்ளுபடி உண்டாம்.

இன்று மதியம் உணவு இடைவேளையில் அங்கே தொலைபேசியில் பேசினேன். ஐயா சொன்னபடி, குழாயில் பெயர் ஒட்டுவீர்களா என்று கேட்டேன். "எண் போடுவோம் தீதி (அக்கா). இந்த வாரம் நாலு பேர்தான், குழப்பம் வராது" என்றது அந்தப் பெண். குரலில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. செய்வது எந்த மருத்துவர் என்று கேட்டேன். "மேடம் பயிற்சி எடுத்திருக்கிறார், சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது" என்று பதில் வந்தது. முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்களாம். வேண்டுமானால் இரண்டு முறை கால் பராமரிப்புக்கு வரலாம். 2,000 ரூபாய்க்கு என் குதிகாலாவது பளபளக்கட்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன், பிறகு அங்கே கத்தரிக்கோலை எப்படிக் கழுவுவார்கள் என்ற யோசனை வந்துவிட்டது.

களிம்பின் குழாயைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்று வருடமாக இரவில் பூசுகிறேன். மருந்துக்கடைக்காரர்தான் "பாபி (அண்ணி), எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று கொடுத்தார். நிறுத்தினால் ஒரே வாரத்தில் மங்கு கூடிவிடும், அதனால் நிறுத்துவதில்லை.

தோல் மருத்துவ மாணவி

அக்கா, மூன்றாவதாக இருக்கிறதே மொமெட்டசோன், அது ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியது அது, மூன்று வருடத்துக்கு இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. தோல் மெலிந்து போயிருக்கலாம், அந்தத் தோலில் ஊசி உருளையை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கூசுகிறது. சட்டென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியலாம், அதனால் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், குழாயைக் கையோடு கொண்டுபோங்கள். தனியாரிடம் வேண்டாம் என்றால் எந்த அரசு மருத்துவமனையிலும் கேஸ் பேப்பர் (வெளிநோயாளிச் சீட்டு) எடுத்து உட்காரலாம். வரிசை நீளம், ஒரு புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்த வங்கி, ஓய்வு

நீங்கள் தப்பித்தீர்கள் அம்மா. உங்கள் ஓரகத்தி ஒரு முறை செய்துகொண்டுவிட்டாரே, அவருக்கு இரண்டாவது முறை எப்போது?

செம்பூர்க்காரி

வருகிற சனிக்கிழமை. இன்று மாலை சொன்னேன். "உங்களுக்குப் பொறாமை அக்கா" என்றாள். நியூ மெக்சிகோ கதையைச் சொன்னதும் தொலைபேசியை வைத்துவிட்டாள். பத்து நிமிடம் கழித்து அவளே அழைத்தாள். அன்றைக்கு உருளையைப் புதிதாகப் பிரித்தார்களா என்று நினைவில்லையாம். அழுகிறாள். என்ன செய்வது ஐயா?

இரத்த வங்கி, ஓய்வு

அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றும் ஆகாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சனிக்கிழமை அங்கே போகக் கூடாது, அவ்வளவுதான் அவசரம். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் இப்போது ஒரு பரிசோதனை. மூன்று மாதம் முடிந்ததும் ஒன்று. ஹெபடைடிஸுக்கு மட்டும் ஆறாம் மாதம் இன்னொன்று. எச்.ஐ.வி. பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் உள்ள ஆலோசனை மையத்தில் இலவசமாகவே செய்வார்கள், முடிவை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் பேசட்டும். நீங்களும் கூடப் போங்கள், தனியாக அனுப்பாதீர்கள். குழாயில் அவர் பெயரை எழுதும்வரை எழுந்திருக்க வேண்டாம்.

செம்பூர்க்காரி

நாளை விடுப்பு எடுத்துவிட்டேன். ஏழு மணிக்கு முலுண்ட் போய் அவளை அழைத்துக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்கச் சொல்கிறாள்.

இரத்த வங்கி, ஓய்வு

தேவையில்லை. காப்பி குடித்துவிட்டே வரலாம்.